பொருளறியா ஓதலும் பொருளறிந்த புறக்கணிப்பும்

ஓதுவது வேறு, ஓதியதை உணர்வது வேறு, உணர்ந்தபடி நடப்பது வேறு. இம்மூன்றையும் ஒன்றெனக் கருதி மயங்குவோர் எல்லா நாட்டிலும் உண்டு. ஓதிவிட்டால் உணர்ந்தாயிற்று என்று எண்ணுவது பாமரர் மயக்கம். உணர்ந்துவிட்டால் நடந்தாயிற்று என்று எண்ணுவது கற்றவர் மயக்கம். முதல் மயக்கத்தைச் சுட்டிக்காட்டப் புறப்பட்டு, இரண்டாம் மயக்கத்தில் தலைகுப்புற விழுந்த ஒரு கதையைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

அமெரிக்க நாட்டில் 1966 முதல் 1969 வரை என்.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிய ‘ஸ்டார் டிரெக்’ என்னும் விண்வெளித் தொடரை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிவர். எழுபத்தொன்பது கதைகள் கொண்ட அத்தொடரை இன்றும் அவர்கள் கைப்பேசியிலும் கணினியிலும் தேடிப் பார்க்கின்றனர். பார்க்கட்டும். பல நாட்டாரும் பல நிறத்தாரும் ஒரே கலத்தில் தோழமையுடன் பயணம் செய்வதாக அந்த நாளிலேயே காட்டிய தொடர் அது. அதன் நற்பெயரைக் குலைப்பது நம் நோக்கமன்று. நற்பெயர் பெற்ற ஒன்று வழுவும்போதுதான் அவ்வழுவை எடுத்துரைக்க வேண்டிய கடமை கூடுகிறது. பெயரற்றவன் பொய் சொன்னால் ஊர் நம்பாது. பெயர் பெற்றவன் சொன்னால் ஊரே நம்பிவிடும்.

நாம் குறிப்பிடும் கதை ‘தி ஒமேகா குளோரி’ என்பது. 1968 மார்ச் 1ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. எழுதியவர் வேறெவருமல்லர், அத்தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரியே. தொடர் தொடங்குமுன், 1965ஆம் ஆண்டிலேயே, இரண்டாவது வெள்ளோட்டப் படத்துக்கென ஆராயப்பட்ட மூன்று கதைகளுள் இதுவும் ஒன்று. ஆகவே, அவசரத்தில் எழுதியது என்று சாக்குச் சொல்ல வழியில்லை. மூன்றாண்டுகள் கைவசம் இருந்த சரக்கு இது.

கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். கேப்டன் கிர்க் தம் தோழர்களுடன் ஒமேகா என்னும் விண்மீனின் நான்காம் கோளை அடைகிறார். அங்கே ட்ரேசி என்னும் மற்றொரு கப்பல் தலைவர், தம் கப்பலார் அனைவரையும் கொடுநோய்க்குப் பறிகொடுத்துவிட்டுத் தனித்து வாழ்கிறார். அக்கோளில் இரு கூட்டத்தார் போரிடுகின்றனர். ஊர் கட்டி வாழ்வோர் கோம்கள். தோலாடை உடுத்துக் காடுமேடுகளில் திரிவோர் யாங்குகள். அயலார் வாழ்வில் தலையிடக்கூடாது என்பது விண்கலத்தாரின் தலையாய விதி. ட்ரேசியோ கோம்களின் பக்கம் நின்று, தம் கதிர்த் துப்பாக்கியால் யாங்குகளை நூற்றுக்கணக்கில் சுட்டு வீழ்த்தியிருக்கிறார். காரணம் ஆசை. கோம்களுள் வூ என்பவனுக்கு வயது 462 என்று கணக்கிட்டு, நெடுநாள் வாழவைக்கும் மருந்து ஒன்று அங்கு ஒளிந்திருப்பதாக அவர் நம்புகிறார். அப்படி ஒரு மருந்தே இல்லை, முன்னொரு காலத்தில் நடந்த கிருமிப் போரில் பிழைத்தவர்களின் வழித்தோன்றல்கள் இயற்கையாகவே நீண்டு வாழ்கின்றனர் என்று மருத்துவர் மெக்காய் கண்டுரைக்கிறார்.

பிறகு யாங்குகள் ஊரைக் கைப்பற்றுகின்றனர். அவர்களின் அவையில் கந்தலான கொடி ஒன்று கொண்டுவரப்படுகிறது. அது அமெரிக்க நாட்டுக் கொடி! யாங்குகளின் தலைவன் கிளவுட் வில்லியம் நெஞ்சில் கைவைத்துப் புனித மொழிகளை ஓதுகிறான். ஒலி சிதைந்து, பொருள் மறைந்து போன அந்த ஓதல், அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் தம் கொடியை நோக்கிக் கூறும் உறுதிமொழி. கிர்க் எஞ்சிய பகுதியைச் சொல்லி முடிக்க, அவையே திகைக்கிறது. இறுதியில், தலைவர்களன்றி வேறெவரும் காணக்கூடாதெனப் பூட்டிவைத்த புனித ஏட்டைக் கிர்க் எடுத்துப் படிக்கிறார். அது அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின் முகவுரை! இம்மொழிகள் தலைவர்க்கு மட்டும் எழுதப்பட்டவையல்ல, எல்லார்க்கும் உரியவை, கோம்களுக்கும் உரியவை, இல்லையேல் பொருளற்றவை என்று அவர் முழங்குகிறார். கொடியை ஒருமுறை நோக்கிவிட்டு விடைபெறுகிறார். கதை முடிகிறது.

வேறொரு கோளில், எழுத்துக்கு எழுத்து அதே சட்டமும் அதே கொடியும் எப்படித் தோன்றும் என்பதே இக்கதைமீது தொடரின் அன்பர்கள் வழக்கமாகக் கூறும் குறை. அது குறைதான், ஆனால் சிறு குறை. விண்வெளிக் கதையில் நம்பமுடியாதது ஒன்று நடந்துவிட்டதென வழக்காட நாம் வரவில்லை. நம் வழக்கு வேறு.

முதலில் கதைக்குரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். ஒரு சமூகம் தன் உயிரினும் மேலாகப் போற்றும் மொழிகளைப் பொருளறியாமல் ஓதிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்ற வினாவை இக்கதை எழுப்பிற்று. இஃது அற்பமான வினாவன்று. முப்பதாண்டுகளுக்கு மேலாக ஓதுபள்ளியில் அமர்ந்து சிறார்க்கு எழுத்தின் பிறப்பிடமும் நீட்டலும் நிறுத்தலும் திருத்தித் தரும் நம்மைப் போன்றோர்க்கு இந்த வினா நெஞ்சில் தைக்கிறது. ஒலியைக் காக்கும் கலையில் நம் முன்னோர் கரைகண்டவர்கள். ஆசிரியர் வாய்கேட்டு மாணவர் ஓதி, பலர் கேட்க ஓதி, பிழைத்த இடத்தில் பக்கத்திலிருப்பவரே திருத்தும் வழக்கம் உள்ளவரை ஒலி சிதையாது. யாங்குகளிடம் ஒலி சிதைந்தது ஏன்? ஏட்டைத் தலைவர்கள் பூட்டிவைத்ததனால். பூட்டிவைத்த நெல் புழுக்கும். பூட்டிவைத்த சொல்லும் அப்படியே. இதைக் கதை சரியாகவே கண்டது. ஒலியைக் காத்த நாம் பொருளைக் காத்தோமா என்று அது நம்மைக் கேட்டால் தலைகுனிந்தே விடை சொல்ல வேண்டும். அந்த அளவில் இக்கதைக்கு நாம் கடன்பட்டவர்கள்.

இவ்வளவு பெரிய வினாவைக் கையிலெடுத்தவர் அதற்குத் தந்த விடையோ ஏமாற்றமளிக்கிறது. பொருளை எடுத்துச் சொல்லிவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்கிறது கதை. பொருளைச் சொல்லித்தர வருபவர் யார்? அந்தச் சட்டத்துக்குச் சொந்தக்காரர். பயன்பெறுவோர் யார்? அந்தச் சட்டத்தையே தம் மறையாகக் கொண்டவர்கள். அப்படியானால் கோம்கள்?

நாம் இக்கதையை வீட்டாருடன் அமர்ந்து பார்த்தபோது, முடிந்ததும் நம் இளைய மகள் கேட்டாள்: “வாப்பா, அந்தக் கோம்கள் என்ன ஓதினார்கள்?” நம்மால் விடைசொல்ல இயலவில்லை. ஏனெனில் கதையில் விடை இல்லை. ‘கோம்களுக்கும் உரியவை’ என்று கிர்க் முழங்கும் அந்த அவையில் எந்தக் கோமும் வாய் திறக்கவில்லை. உங்களுக்கு இது உடன்பாடா என்று எவரும் கேட்கவில்லை. உங்களிடம் உங்களுடைய மொழிகள் உண்டா என்று கேட்கும் எண்ணமே எவருக்கும் எழவில்லை. விருந்துக்கு அழைப்பதாக ஊரறியப் பறைசாற்றிவிட்டு, அழைக்கப்பட்டவனுக்கு இலை போடாமல் விடுவது எவ்வகை உபசாரம்?

இந்தக் கோம்கள் யாரென்று கதையே வெளிப்படையாகக் கூறுகிறது. யாங்கு என்பது யாங்கி என்னும் அமெரிக்கரைக் குறிக்கும் சொல்லின் திரிபு. கோம் என்பது கம்யூனிஸ்டு என்னும் சொல்லின் திரிபு. யாங்குகள் வெள்ளை முகத்தினர். கோம்கள் ஆசிய முகத்தினர். பூமியில் தவிர்க்கப்பட்ட போர் இங்கே நடந்து ஆசியர் வென்றனர் என்று ஸ்பாக் ஊகிக்கிறார். இது ஒளிபரப்பான காலத்தை நினைவிற்கொள்ளுங்கள். வியட்நாமில் டெட் தாக்குதல் 1968 சனவரி இறுதியில் தொடங்கி ஒரு திங்களே கடந்திருந்தது. அவ்வேளையில் ஆசிய முகத்தை எதிரியின் முகமாக நிறுத்திய கதை கோடி வீடுகளின் கூடத்தில் என்ன விதையை ஊன்றியிருக்கும்! பொதுவுடைமைக் கொள்கைக்கு நாம் வாதாடவில்லை. அக்கொள்கையோடு நமக்குள்ள பிணக்கு யாவரும் அறிந்தது. கொள்கையை எதிர்ப்பதானால் கொள்கையைப் பேசவையுங்கள்; பேசவைத்து வெல்லுங்கள். முகத்தைக் காட்டி முடித்துவிடாதீர்கள் என்பதே நம் கோரிக்கை.

இதிலுள்ள நகைமுரணைக் கதாசிரியர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. அவையில் ட்ரேசி, ஸ்பாக்கைச் சுட்டிக்காட்டி, இவன் உங்கள் நூலிலுள்ள தீயவன் என்கிறார். நூலைத் திறந்து படத்தைப் பார்த்தால் கூரிய காதும் வளைந்த புருவமுமாக அப்படியே இருக்கிறது. யாங்குகள் நம்பிவிடுகின்றனர். தோற்றத்தைக் கொண்டு ஒருவனைச் சாத்தானாக்கும் மடமையைக் கதை இங்கே எள்ளி நகைக்கிறது. நகைத்துக்கொண்டே தானும் அதனையே செய்கிறது! யாங்குகளாவது ஒரு ஸ்பாக்கை முகத்தை வைத்து எடைபோட்டார்கள். கதையோ ஓர் இனத்தையே எடைபோட்டது.

இனி அந்த மருந்தைப் பற்றிப் பேசுவோம். பொருளறிந்தால் போதும் என்கிறதே கதை, அந்த முகவுரை 1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்டபோது அதன் பொருள் எவருக்கும் மறைந்திருக்கவில்லை. எழுதியவர்களே உயிருடன் இருந்தார்கள். மக்களாகிய நாம் என்ற பொருளில் தொடங்கிய அதே ஆவணத்திலேயே, பிரதிநிதிகளின் தொகையைக் கணக்கிடும்போது அடிமைகள் ஐவரை மூவராக எண்ணும் விதியும் இருந்தது. அடிமைமுறை ஒழிய 1865 வரை காத்திருக்க நேர்ந்தது. சீனத் தொழிலாளர் நாட்டினுள் நுழையலாகாதென 1882இல் சட்டம் இயற்றியவர்களும் முகவுரையை மனப்பாடமாக அறிந்தவர்களே. அத்தடை நீங்க 1943 ஆயிற்று.

இன்னும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. 1942 பிப்ரவரி 19ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066ஆம் ஆணையின் விளைவாக, ஜப்பானிய வழியில் வந்த ஏறத்தாழ 1,20,000 பேர் வீடுவாசல்களினின்று பெயர்க்கப்பட்டு முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அந்நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். வழக்கு உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. 1944 டிசம்பரில் ஒன்பது நீதிபதிகளுள் அறுவர், அரசின் செயல் செல்லும் என்று தீர்ப்பளித்தனர். அந்த அறுவரும் யாங்குகளைப் போல ஒலிசிதைந்த மொழியை ஓதிக்கொண்டிருந்த காட்டுவாசிகளா? சட்டத்தின் சொல்லும் பொருளும் உரையும் விரல்நுனியில் வைத்திருந்த பேரறிஞர்கள்! பொருளறியாமை அங்கே நோயன்று. எதிரில் நின்றவனை ‘மக்களாகிய நாம்’ என்பதனுள் சேர்க்க மனமின்மையே நோய்.

அந்த முகாமுக்குப் போன குழந்தைகளுள் ஒருவர் ஜார்ஜ் டகே. அப்போது வயது ஐந்து. ஆர்கன்சா மாநிலத்து ரோவர் முகாமிலும், பின் கலிஃபோர்னியாவின் டூலி லேக் முகாமிலும் வளர்ந்தார். முகாம்ப் பள்ளியில் காலைதோறும் கொடியை நோக்கி உறுதிமொழி கூறினாராம். கூறும்போதே சன்னல் வழியே முள்வேலியும் காவற்கோபுரமும் தெரிந்தனவாம். பிற்காலத்தில் அவரே பலமுறை பலர் முன்னிலையில் எடுத்துரைத்த செய்தி இது.

அந்தக் குழந்தைதான் வளர்ந்து இந்தத் தொடரில் சூலு என்னும் பாத்திரமாக நடித்தவர். நாம் பேசிக்கொண்டிருக்கும் கதையில், யாங்குகளின் அவைக்குள் காவலருடன் விரைந்து வந்து நிற்பவரும் அந்தச் சூலுவே! முள்வேலிக்குள் நின்று அதே உறுதிமொழியைப் பிழையின்றி, தெளிந்த ஒலியில் ஓதிய ஒருவர் அந்த மேடையில் நிற்கிறார். ஆசிய முகத்தினர் எதிரிகளாகச் சித்திரிக்கப்படுகிறார்கள். சட்டத்தின் மாண்பைப் பற்றிக் கிர்க் உரையாற்றுகிறார். அருகில் நிற்கும் சூலுவைத் திரும்பிப் பார்த்து, ‘நீர் என்ன சொல்கிறீர்?’ என்று ஒரு சொல் கேட்டிருந்தால் போதும், கதை விண்ணை எட்டியிருக்கும். கேட்கவில்லை. கையருகே இருந்த சான்றைக் காணாமல் கோள் கடந்து போய்ப் பாடம் தேடினார்கள்.

அந்தப் பழைய தீர்ப்பு பெரும் பிழை என்று அதே உச்சநீதிமன்றம் 2018இல்தான் அறிவித்தது. எந்தத் தீர்ப்பில் தெரியுமா? முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள் பலவற்றை உள்ளிட்ட பட்டியலொன்றை வகுத்து, அந்நாட்டார் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்த ஆணை செல்லும் என்று கூறிய தீர்ப்பில்! அவ்வாணை 2021இல் நீக்கப்பட்டது. பொருளறிதல் ஒன்றே மருந்தென்பார் இதற்கு என்ன விடை சொல்வர்?

எதிர்வாதங்களையும் கேட்போம். ‘அந்தக் காலம் அப்படி, 1968இல் வேறெப்படி எழுதியிருக்க முடியும்?’ என்பர் சிலர். எழுதியிருக்க முடியும் என்பதற்கு இதே தொடரே சான்று. இக்கதைக்கு ஓராண்டு முன்னர், 1967 மார்ச் 9ஆம் நாள், ‘தி டெவில் இன் தி டார்க்’ என்ற கதை ஒளிபரப்பாயிற்று. எழுதியவர் ஜீன் கூன். சுரங்கத் தொழிலாளர் பலரைக் கொன்ற கொடிய பூதமொன்றை அழிக்கக் கிர்க் அழைக்கப்படுகிறார். பாறைபோன்ற உடலுடைய உயிர் அது. ஸ்பாக் தம் மனத்தை அதன் மனத்தோடு பொருத்திக் கேட்கிறார். அப்போதுதான் தெரிகிறது: அது ஒரு தாய்; சுரங்கத்தார் வெறும் உருண்டைக் கற்களென்று உடைத்தெறிந்தவை அதன் முட்டைகள். புண்பட்ட அத்தாய்க்கு மருத்துவர் காரைபூசிச் சிகிச்சை செய்கிறார். கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் ஒருவரையொருவர் அறிந்து ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர்.

அதே தொடர், அதே தலைவர், அதே ஸ்பாக். ஓராண்டே இடைவெளி. பாறைக்கு ஒரு நாவைக் கொடுக்கத் தெரிந்தவர்கள் மனிதனுக்குக் கொடுக்க மறுத்தார்கள். காலத்தின்மேல் பழிபோட இனி இடமேது?

‘பொழுதுபோக்குக் கதைக்கு இத்தனை ஆராய்ச்சியா?’ என்பர் வேறு சிலர். மேடையேறி ஒரு நாட்டின் சட்டத்தை உரத்துப் படித்து உலகுக்கே அறம் உரைத்தவர் கிர்க். அறம் உரைக்க வந்தவரை அறத்தின் அளவுகோலால் அளப்பதே முறை. சிரிக்க வந்த கதையை நாம் சீர்தூக்கவில்லை. சீர்திருத்த வந்த கதையைத்தான் சீர்தூக்குகிறோம்.

‘இறுதி உரை உயர்ந்ததன்றோ?’ என்பர் மூன்றாமவர். உயர்ந்ததே. எல்லார்க்கும் உரியதல்லாத சொல் பொருளற்றது என்ற கருத்தைப் பொன்னால் பொறிக்கலாம். அந்தக் கருத்தை வைத்தே கதையை நிறுத்துப் பாருங்கள். அந்த நிறுவையில்தான் அது தோற்கிறது. உரை உயர்ந்திருக்க, காட்சி தாழ்ந்திருக்கிறது. இப்படித் தலையிட்டது விதிமீறல் ஆகாதா என்று முடிவில் ஸ்பாக் கேட்கிறார். அவர்கள் எதற்காகப் போராடினார்களோ அதன் பொருளைத்தான் காட்டினோம் என்கிறார் கிர்க். வென்றவனுக்கு அவன் வெற்றியின் பொருளைக் காட்டுவது எளிய தொண்டு. தோற்றவனை அழைத்து வந்து வென்றவன் பக்கத்தில் அமரவைப்பதே அரிய தொண்டு. அதைச் செய்யாமலே கலம் புறப்பட்டுவிட்டது.

இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாகாதென்று நாம் சொல்லவில்லை. காட்டுங்கள், உடன் அமர்ந்து பாருங்கள். முடிந்ததும் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: எல்லார்க்கும் உரியது என்றாரே, அந்த எல்லாரும் எங்கே இருந்தார்கள்? இந்த வினாவைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை எந்த மேடையில் எவர் எல்லார்க்கும் என்று முழங்கினாலும், அவையைச் சுற்றி ஒருமுறை பார்த்து, யார் வரவில்லை என்று எண்ணும். அந்த முழக்கம் நம்மவர் மேடையிலிருந்து எழுந்தாலும் எண்ணும். எண்ணவேண்டும். நம் மஹல்லாக் கூட்டங்களிலும் எல்லாரும் என்று சொல்லிவிட்டுச் சிலரை வாயிலிலேயே நிறுத்திவிடும் வழக்கம் இல்லையென்று எவரால் ஆணையிட முடியும்?

ஒலியைத் திருத்த ஓர் ஆசிரியர் போதும். பொருளை விளக்க ஒரு நூல் போதும். ஆனால் அப்பொருளுக்குள் அயலானையும் சேர்க்க, அவன் வாயைத் திறக்கவிட்டு நம் செவியைக் கொடுக்கவேண்டும். நம் மகள் கேட்ட வினாவுக்கு அந்தக் கதை விடைதராமல் முடிந்துவிட்டது. கோம்களும் ஏதோ ஓதியிருப்பார்கள். கேட்டிருந்தால் நாமும் அறிந்திருப்போம்.